சவரியம்மாளின் வெடிப்பு அட்டை

சவரியம்மாளுக்குக் கோபம் வராது என்றுதான் மாதாகோயில் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது தவறு. அவளுக்குக் கோபம் வரும்; வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். பேசாதவர்களுக்குக் கோபம் இல்லை என்று எண்ணிக்கொள்வது மற்றவர்களுக்கு வசதி.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுத் தண்ணீரில் பிழைக்கிற ஊர் அது. சாலையோரம் ஓர் அரிசி ஆலை இருந்தது. அது நின்றுபோன பிறகு, நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் அட்டைகள் காய ஆரம்பித்தன. கிளமென்ட் அதே ஊர்க்காரன்தான். சென்னையில் படித்து, ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவன். ஆலையை வாடகைக்குப் பிடித்து, கையால் செய்யும் வாழ்த்து அட்டைக்கு ஒரு யூனிட் தொடங்கினான். கிறிஸ்துமஸ் அட்டை, கல்யாண அட்டை, காரணமே இல்லாமல் நலம் விசாரிக்கிற அட்டை, எல்லாம் கப்பலேறிப் போயின. நாட்டின் கதவு திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். திறந்த கதவு வழியாக ஆண்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்; அவர்களுக்குப் பின்னால் அட்டைகளும் போயின. உள்ளே என்ன வந்தது என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

யூனிட்டில் வேலை இரண்டு பிரிவு. பூவும் தேவதூதரும் நட்சத்திரமும் வெட்டி ஒட்டுகிறவர்கள் ஒரு பக்கம். அவற்றுக்குப் பின்னால் தெரிகிற பரப்பைச் செய்கிறவர்கள் மறுபக்கம். அந்தப் பரப்புக்கு அங்கே ‘தரை’ என்று பெயர். சவரியம்மாள் தரை போடுகிறவள்.

தரை போடுவதைச் சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் போன்ற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய செய்தித்தாளைக் கையால்தான் கிழிக்க வேண்டும். கத்தரித்தால் ஓரம் கோடாகத் தெரியும். கிழித்தால் இழை பிரிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும். மைதாப் பசையில் பூச்சி வராமல் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சி, துண்டுகளை அட்டைமேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்ட வேண்டும். முன்பக்கம் ஒட்டினால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் காய்கிற தாள் ஒரே பக்கமாக இழுத்து அட்டை வில்லாக வளைந்துவிடும். அதற்குமேல் அவரவர் கைவாகு. காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியைச் சுருக்கம் சுருக்கமாகப் பதிக்கலாம். உமியைத் தூவலாம். சாக்கு நூலைப் பிரித்துப் படுக்கவைக்கலாம். காய்ந்த பிறகு டீத்தூள் வடித்த நீரை ஊற்றிச் சாய்த்தால் பள்ளங்களில் தேங்கிக் கறுக்கும். கடைசியில், ஈரம் போன தூரிகையில் துளி வெள்ளை எடுத்து மேடுகளை மட்டும் தொட்டுவிட்டால், தட்டையான அட்டை மழையில் நனைந்து பழகிய சுவரைப்போல ஆகிவிடும்.

அவள் போட்ட தரை எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. உமியை அள்ளிக் கொட்டிவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அளவு தெரிந்து நிறுத்திய நாட்களில் நன்றாக இருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. பூ ஒட்டுகிறவர்களின் பெயர் அட்டையின் பின்பக்கத்தில் சின்னதாக அச்சாகும். ‘இதைச் செய்தவர் இன்னார்.’ வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கிறது என்று கிளமென்ட் கொண்டுவந்த ஏற்பாடு. தரை போடுகிறவர்களுக்கு அது இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பூ ஒட்டுகிற கமருன்னிஸா இதைச் சொல்லியே அவளைச் சீண்டுவாள்.

“என் பேரு போயி சேராத ஊரே இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு துபாய்ல ஒரு கடையில என் பேரு போட்ட அட்டையப் பாத்தாராம். போன்ல சொல்றாரு.”

“சந்தோசப்பட்டாரா?”

“அவ்வளவு பெரிய கடைக்குள்ள உங்களுக்கு என்ன சோலின்னு நான் கேட்டதுல சந்தோசமெல்லாம் போயிருச்சு.”

“என் பேரு எங்கடி இருக்கு?”

“என் பூவுக்கு அடியில இருக்கு. நான்தான் நல்லா அமுக்கி ஒட்டி வச்சிருக்கேன்ல.”

சவரியம்மாள் சிரித்துவிடுவாள். ஆனால் ஒருமுறை கிளமென்டிடமே கேட்டுப் பார்த்தாள்.

“தரைய யாருக்கா பாக்குறாங்க?” என்றான் அவன். “கண்ணு பூவுக்குத்தானே போவுது.”

பூவுக்குக் கண் போவதே தரையால்தான் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வெறும் வெள்ளை அட்டையில் பூ ஒட்டி அனுப்பிய முதல் சரக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஒரு பொருள் தெரிவதற்கு எது காரணமோ, அதைத்தான் மனிதர்கள் முதலில் மறக்கிறார்கள். மறந்தவர்களை மன்னிக்கலாம். கிளமென்ட் மறக்கவில்லை, ஒதுக்கினான்.

பிறகு தண்ணீர் வராத வருஷங்கள் வந்தன. மேட்டூரைக் காலத்தில் திறக்கவில்லை. குறுவை என்ற பேச்சே போயிற்று, சம்பாவும் பொய்த்தது. சவரியம்மாளின் புருஷன் குழந்தைராஜ், வயலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் காவலுக்கு நின்றார். சாலையோரம் இருந்த அவர்கள் வயல், மாட்டுக் குளம்பு சிக்கிக்கொள்கிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வீட்டில் உலை வைத்தது அட்டைதான்.

அந்த நாட்களில்தான் அந்தத் தவறு நடந்தது. தரையில் பூசுகிற சுண்ணாம்புப் பொடி தீர்ந்துவிட்டது. வண்டி வர நாளாகும். களிமண்ணை எடுத்துத் தடவினால் என்ன என்று, போகிற வழியில் தன் வயலிலிருந்து நாலு கட்டி எடுத்துவந்தாள். ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தோசை மாவுப் பதத்தில் தடவினாள். களி தடவுவதற்கு முன் அடியில் பூசியிருந்த மரப்பசை காய்ந்திருக்க வேண்டும். அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அட்டை முழுக்க வெடிப்பு. ஒரு பெரிய பிளவு, அதிலிருந்து சின்னது, அதிலிருந்து மயிரிழை. சாலையிலிருந்து பார்த்தால் அவள் வயல் எப்படி இருக்குமோ அப்படியே. கெட்டுப்போனதென்று மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

கிளமென்ட் அதை உருவி எடுத்தான்.

“யாரு போட்டது?”

“பசை காயிறதுக்குள்ள தடவிட்டேன் தம்பி. வேற போட்டுத் தர்றேன்.”

“வேற வேணாம். இதேதான் வேணும். எம்புட்டு முடியுமோ அம்புட்டு.”

பிறகு அவள் அதைப் பழகிக்கொண்டாள். பசைமேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் ஒட்ட வேண்டும், ஆனால் எடுக்கும்போது பசை கூட வரக் கூடாது. அந்தப் பதத்தில் களியைத் தடவினால் வெடிக்கும். அதற்கு முன்னால் தடவினால் கூழாகும். முழுக்கக் காய்ந்தபின் தடவினால் மொழுகிய தரைபோல வழவழவென்று கிடக்கும். நிழலில் காயவிட்டால் அகல வெடிப்பு. வெயிலில் வைத்தால் பொடி வெடிப்பு. இந்த அட்டையில் உமி கிடையாது என்பதால் அவளுடைய பழைய பழக்கத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. அவள் செய்தவற்றில் குறை சொல்ல முடியாதவை இவைதான்.

ஆர்டர் குவிந்தது. எப்படிக் குவிந்தது என்பதைக் கிளமென்டே ஒரு நாள் பெருமையாக எல்லோருக்கும் சொன்னான். பஞ்சத்தில் வெடித்த வயலின் மண் இது, தாகத்தில் செத்த மண் என்பதால் அட்டையிலும் வெடிக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதியிருக்கிறானாம். படித்துவிட்டு ஓர் அம்மாள் அழுதேவிட்டாராம்.

“வெடிப்பு மண்ணுல இல்லியே தம்பி,” என்றாள் சவரியம்மாள். “பசையிலதானே இருக்கு. சேத்து மண்ண எடுத்துத் தடவுனாலும் இப்புடித்தான் வெடிக்கும்.”

“எனக்குத் தெரியாதாக்கா? பசையில இருக்குன்னு சொன்னா எவன் வாங்குவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்கூடச் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் வயலைப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு கசந்தது. புருஷன் ஊரைவிட்டுப் போனதும், மாட்டை விற்றதும், விதைநெல்லைப் பொங்கித் தின்றதும் யாரோ ஓர் அம்மாளை அழவைத்து அட்டை விற்க உதவியிருக்கின்றன. உண்மையான துயரம்தான். ஆனால் அதைப் பொய்யாகச் சொல்லியிருந்தான். பொய்யான துயரத்தை விற்பதைவிட இது மோசம். பொய்த் துயரத்தில் யாருடையதும் களவுபோவதில்லை.

அடுத்த ஆடி கடைசியில் மேட்டூர் திறந்தது. தண்ணீர் கல்லணையைத் தாண்டிய சேதி கேட்டதும் குழந்தைராஜ் திருப்பூரில் வேலையை விட்டுவிட்டு, துணிப்பையோடு வந்து இறங்கினார். அவர் மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருந்தபோது கிளமென்ட் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, ஒரு உதவி. வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அடுத்த வருசத்துக் கேட்டலாக்குக்குப் படம் எடுக்கணும். அக்கா வயல்ல நிக்கிற மாதிரி.”

“எடுத்துட்டுப் போங்க.”

“வயலு வெடிப்பா இருக்கணும் மாமா. அவங்க வர்ற வரைக்கும் தண்ணி விடாம வச்சிருந்தீங்கன்னா போதும். கொஞ்ச நாளுதான்.” பிறகு சவரியம்மாள் பக்கம் திரும்பினான். “அக்கா பேரோட போடுறோம். முழுப் பக்கம்.”

இந்தச் சேதி யூனிட்டுக்கு வந்தபோது கமருன்னிஸா கேட்டாள். “மாசியில வரச் சொல்லுங்களேன் சார். அறுப்பு முடிஞ்சு ஊரே வெடிச்சுக் கெடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் படந்தான்.”

“அவங்களுக்கு இப்பத்தான் லீவு,” என்றான் கிளமென்ட்.

கமருன்னிஸா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் யோசிக்க வேண்டிய பேச்சு அது. அறுவடைக்குப் பின் வெடிக்கிற வயல், உழைத்து முடித்துவிட்டுப் படுத்திருக்கிற வயல். விதைக்காமலே வெடிக்கிற வயல் வேறு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படுவதில்லை.

குழந்தைராஜ் ஒப்புக்கொண்டார். “ரெண்டு வருசமா அட்டைதான் சோறு போட்டுச்சு. முன்ன பின்ன நடுறதுல என்ன குடி முழுவிப் போவுது?” என்று வைக்கோலும் களியும் சேர்த்து, வயலுக்குள் தண்ணீர் விடுகிற மடையை அடைத்தார். சவரியம்மாள் வேண்டாமென்று சொல்லவில்லை. முழுப் பக்கத்தில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவளும் மனசுக்குள் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைந்து, அதன் கீழ்மடை வழியாகத்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். அவரவர் வயலில் என்ன வேண்டுமானாலும் பயிர் செய்யலாம். தண்ணீரை மறித்துக்கொண்டு மட்டும் இருக்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களில்கூட மடை திறந்துதான் இருக்கும். சவரியம்மாள் வயலுக்குக் கீழே இருந்தது உத்திராபதியின் வயல். நாற்றங்காலுக்கு அவர் விதை ஊறவைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் உத்திராபதி வரப்பில் நின்றுகொண்டு கூப்பிட்டார். சவரியம்மாள் புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

“குழந்தைராசு, மடையில ஏதும் அடைச்சுக்கிச்சா? மேல வாய்க்கா முட்டி நிக்கிது, எனக்குச் சொட்டுத் தண்ணி வரல.”

“நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

குழந்தைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு எடுத்து மறுபடி உதறினார். “படம் புடிக்க வர்றாங்க.”

“என்ன படம்?”

“வயலு வெடிச்சுக் கெடக்குறத.”

உத்திராபதி சத்தம் போடுகிற ஆளில்லை. வயலைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு வருசமா வெடிச்சுத்தானே கெடந்துச்சு. அப்ப எங்க போயிருந்தாங்க அவங்க?”

குழந்தைராஜ் வரப்பில் கிடந்த மண்கட்டியைக் காலால் தள்ளினார்.

“மேல உள்ளவன் தண்ணிய அடைச்சிட்டான்னு நீயும் நானும் தஞ்சாவூர் ரோட்டுல ஒரே துண்ட விரிச்சு மறியல்ல உக்காந்தோம். இப்ப நீ மேல, நான் கீழ. நான் எந்த ரோட்டுல போயி உக்கார்றது, சொல்லு.”

அவர் திரும்பி நடந்தார். பத்தடி போய் நின்று, “வெத மொள விட்டுருச்சுப்பா,” என்றார். அதில் கோபம் இல்லை. சேதி மட்டும்தான் இருந்தது.

சவரியம்மாள் கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள்.

“கிளமென்டு வந்து கேட்டா என்னத்தச் சொல்றது?” என்றார் குழந்தைராஜ்.

“தண்ணி வந்துருச்சுன்னு சொல்லுங்க.”

மூன்றாம் வெட்டில் அடைப்பு பெயர்ந்தது. தண்ணீர் முதலில் வயலில் ஓடவில்லை, பிளவுகளுக்குள் இறங்கியது. எங்கோ ஆழத்தில் கொப்புளம் வெடிக்கிற சத்தம். ஒரு பிளவு நிரம்பி அடுத்ததில் வழிந்து, மண் ஊறி, ஓரங்கள் சரிந்து ஒன்றையொன்று தொட்டன. வெயில் ஏறுவதற்குள் பாதி வயலில் வெடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. மறுநாள் உத்திராபதியின் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறங்கியது.

விருந்தாளிகள் வந்தார்கள். வேன் வயலோரம் நின்றது. உள்ளே முழங்கால் சேற்றில் உழவு நடந்துகொண்டிருந்தது. கிளமென்ட் இறங்கவேயில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னான். அதோடு முடிந்தது என்று சவரியம்மாள் நினைத்தாள்.

தீபாவளி கழிந்த வாரம் அவன் யூனிட்டுக்கு ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தான். வண்டியைத் திருப்பிய அன்றைய கோபம் முகத்தில் இல்லை.

“வாங்கக்கா. நீங்க மடையத் தொறந்து விட்டாலும் நான் வாக்கு மாறல. பாருங்க, உங்க பேரு.”

முழுப் பக்கம்தான். வெடித்த தரையில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் வெடிப்பு அட்டை. கீழே ஆங்கிலத்தில் ‘சவரியம்மாள்’ என்று போட்டிருக்கிறது என்று கிளமென்ட் விரல் வைத்துக் காட்டினான். அந்தப் பெண்ணின் பெயர் அம்சம், செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். சூளைக்கு மண் வெட்டிய பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். புதுச் சேலை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்போல; கிழிந்ததாகப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

கமருன்னிஸா எட்டிப் பார்த்தாள். “அடி ஆத்தே, சவரிக்கா. தீபாவளிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சதுல பதினஞ்சு வயசு கொறஞ்சு போச்சே உனக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

“இது அம்சமில்ல?” என்றாள் சவரியம்மாள்.

“ஆமாக்கா. உங்க வயல்லதான் தண்ணி ஆயிருச்சே.”

“அது பேரு எங்க?”

“அது அட்டை செய்யலியே.”

“நான் அங்க நிக்கலியே தம்பி.”

கிளமென்ட் புத்தகத்தை மூடினான். “பேரு வேணும் வேணும்னு நீங்கதானேக்கா கேட்டீங்க.”

“எடுத்துருங்க.”

“அச்சாயி, கப்பலும் ஏறிடுச்சு. இனிமே என்னத்த எடுக்கிறது?”

அவன் சொன்னது ஒன்று உண்மை. பெயர் வேண்டுமென்று கேட்டவள் அவள்தான். அதனால்தான் அது அவளை அப்படிச் சுட்டது. அவளுக்குப் பெயர் கிடைத்தது, முகம் போயிற்று. அம்சத்துக்கு முகம் கிடைத்தது, பெயர் போயிற்று. ஒரு பெண்ணிடமிருந்து ஒன்றும் இன்னொரு பெண்ணிடமிருந்து ஒன்றும் எடுத்து ஒட்டி, காயவைத்து, ஓர் ஏழையைச் செய்திருக்கிறான் கிளமென்ட். பெயருக்கும் முகத்துக்கும் அடியில் அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு தரை மட்டும்.

சவரியம்மாள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்கப் பேசவில்லை. அட்டைகளில் பசை பூசினாள். விரல் வைத்துப் பார்த்தாள். விரல் ஒட்டியது, பசை வரவில்லை. பதம் சரி. அவள் களியை எடுக்கவில்லை; எழுந்து போய் உமி புடைத்துக்கொண்டிருந்தாள். பசை நன்றாகக் காய்ந்து, விரல் வழுக்குகிற வரைக்கும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு களியைத் தடவினாள். மறுநாளும் அப்படியே செய்தாள்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து துரைராசு வந்தார். வாங்குகிற கம்பெனிக்காகச் சரக்கைப் பார்த்து முத்திரை வைக்கிறவர் அவர். களத்தில் வரிசையாகக் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சாணி மொழுகியதுபோல வழவழப்பாக இருந்தன.

“என்ன கிளமென்ட் இது? வெடிப்பைக் காணோம்?”

கிளமென்ட் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அவன் முகம் மாறியது. “அக்கா, என்ன இது?”

“தெரியல தம்பி,” என்றாள் சவரியம்மாள். அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. “வயல்ல தண்ணி நிக்கிதுல்ல. மண்ணு தாகம் தீரக் குடிச்சிருச்சு. வெடிக்க மாட்டேங்குது.”

துரைராசு தலையை ஆட்டினார். அந்தக் கதையை அவர் நம்பியிருந்தார். அச்சில் வந்தது ஆயிற்றே. “அதுவும் சரிதான். தண்ணி வந்தாச்சே. நல்ல விஷயந்தானே?”

“இல்ல சார், அது வந்து, பசை...” என்று தொடங்கிய கிளமென்ட் அதோடு நிறுத்திக்கொண்டான். கமருன்னிஸா குனிந்து, ஒட்டிய பூவையே மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

“அப்ப இந்த டிசைன் இந்த வருஷம் கிடையாதுன்னு சொல்லிடலாமா?” என்றார் துரைராசு. கிளமென்ட் தலையாட்டினான்.

அவர் போன பிறகு அவன் சவரியம்மாளிடம் வந்தான். அவனுக்கும் வருத்தம்தான், அது நடிப்பல்ல. இத்தனை பெண்களின் வேலையைத் தான் ஒருவன் தூக்கி நிறுத்தியிருப்பதாக அவன் மெய்யாகவே நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவனை எதையும் செய்யவைத்தது.

“ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? வெடிப்பு பசையிலதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் தம்பி,” என்றாள் அவள். “பசையில இருக்குன்னு சொன்னா எவன் வாங்குவான்?”

அட்டையைத் திருப்பிப் போட்டு, வளையாமல் இருக்கப் பின்தாளை ஒட்ட ஆரம்பித்தாள்.